இறுதியாண்டு ஆய்வு: உயிரின் தோற்ற வேதியியலா, ஐசியூ தரவா?

திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கச்சிமார் உயிர் முதலில் எப்படித் தோன்றியது என்று ஆராயும் வேதியியல், தீவிர சிகிச்சைப் பிரிவு (ஐசியூ) நோயாளிகளின் தரவு ஆகிய இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

செலவு
வேதியியல்: 1953இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் செய்ததுபோல மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவிக்குள் மின்பொறி பாய்ச்சலாம். ஆனால் வெடிக்கக்கூடிய வாயுக்கள்; பாதுகாப்பான ஆய்வுகூடம் இல்லாமல் தொடவே வேண்டாம். அதில் உண்டாகும் அமினோ அமிலத்தை (புரதங்களின் அடிப்படைக் கூறு) அளக்கும் கருவிதான் பெரிய செலவு.
ஐசியூ: மடிக்கணினியும் இணையமும் போதும். பொஸ்டன் வைத்தியசாலை ஒன்றின் ஐசியூ நோயாளிகளின் பதிவுகள் கொண்ட மிமிக் (MIMIC) தரவுத்தளம் இலவசம். ஆய்வு நெறிமுறைப் பயிற்சியை முடித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

சிக்கல்
வேதியியல்: மாசு. கைரேகையிலும் அமினோ அமிலம் உண்டு. கன்னியா வெந்நீர்க் கிணற்று நீரை எடுக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஆசை நல்லதுதான், ஆனால் அதில் ஏற்கனவே நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உயிருக்கு முந்தைய வேதியியலை அது காட்டாது.
ஐசியூ: விடுபட்ட அளவீடுகள். இரத்த லக்டேட்டை (உடலுக்கு ஒட்சிசன் போதாதபோது உயரும் பொருள்) வைத்தியர் சந்தேகப்பட்டால்தான் பார்ப்பார். ஆகவே வெற்றுக் கட்டமும் ஒரு தகவல்; அதைச் சராசரியால் நிரப்பினால் முடிவே பிழையாகிவிடும். அடையாளம் மறைக்கத் திகதிகளையும் 2100க்கு அப்பால் தள்ளியிருப்பார்கள், பயப்பட வேண்டாம்.

நிலைப்பு
வேதியியல்: மில்லரின் பழைய குப்பிகளை 2008இல் மீண்டும் ஆராய்ந்து, அவர் காணாத அமினோ அமிலங்களைக் கண்டார்கள்.
ஐசியூ: பொஸ்டனில் பொருந்தும் கணினிக் கணிப்பு மாதிரி நம் வைத்தியசாலையில் பொருந்தும் என்றில்லை.

ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும், நிரலாக்கம் தெரியும் என்றால் ஐசியூ தரவு. நல்ல ஆய்வுகூடமும் பொறுமையான மேற்பார்வையாளரும் கிடைத்து, மேற்படிப்பும் வேதியியலில்தான் என்றால் தயங்காமல் முதலாவதை எடுங்கள்.