பீஃப் சீஸ் ஸ்லைடர்: சீவிய கறியா, கொத்துக்கறியா?

ஸ்லைடர் என்பது மூன்று நான்கு கடியில் தீர்ந்துபோகும் குட்டி பர்கர். பெரிய பர்கரில் ஓரம் நனைந்து கிடந்தால் ஒதுக்கிவிட்டு மீதியைச் சாப்பிடலாம். இதில் ஒதுக்கினால் மீதி எங்கே இருக்கிறது?

வீட்டில் செய்பவர்கள் இரண்டு கட்சி. ஏற்கெனவே வெந்த ரோஸ்ட் பீஃபை மெல்லியதாகச் சீவி அடுக்குபவர்கள் ஒரு பக்கம். பச்சைக் கொத்துக்கறியைத் தட்டி வேகவைப்பவர்கள் மறுபக்கம். நான் இரண்டு பக்கமும் போய்விட்டு வந்தவன்.

சீவிய கறியின் பெரிய வசதி, கை அழுக்காகாது. ஒட்டியிருக்கும் 12 பன்களைப் பிரிக்காமல் குறுக்கே அறுத்து, அடிப்பாதியைத் தட்டில் வைத்து, சீஸ், கறி, மறுபடி சீஸ், மேல்பாதி என்று அடுக்கினால் வேலை முடிந்தது. 175 டிகிரி செல்சியஸ் ஓவனில், ஃபாயில் மூடிப் பதினைந்து நிமிடம், திறந்து ஐந்து நிமிடம். சிக்கல் என்னவென்றால், கறி ஏற்கெனவே வெந்தது. நாம் செய்வது சூடேற்றுவது மட்டும்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அடுக்கினால் மேலே பன் சிவந்திருக்கும், நடுவில் கறி சில்லென்று இருக்கும். அதனால் மற்ற வேலைகள் முடியும்வரை, ஒரு பதினைந்து நிமிடம், வெளியே வைத்துவிடுகிறேன். அப்புறம், துண்டுகளைத் தட்டையாக ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பாதீர்கள். முதல் கடியிலேயே மொத்தக் கறியும் பன்னைவிட்டு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கசக்கிய துணிபோல மடித்து மடித்துப் போட்டால் இடையில் சீஸ் இறங்கிப் பிடித்துக்கொள்ளும்.

கொத்துக்கறியில் ருசி ஒரு படி மேல். இதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் கவனம் கேட்கும். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கிற கறிதான் சரி. ரொம்பக் கொழுப்பில்லாததை வாங்கினால் தக்கைதான். உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசைந்தால் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டி, சாசேஜ் மாதிரி ரப்பராகிவிடும். தட்டி முடித்து, அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன்பு மேலே தூவினால் போதும். வெந்தபிறகு சுருங்கும் என்பதால் பன்னைவிடக் கொஞ்சம் அகலமாகத் தட்டவேண்டும். உள்வெப்பம் 71 டிகிரியைத் தொட்டாக வேண்டும். அரைத்த கறியில் வெளிப்பக்கக் கிருமிகள் உள்ளே வரை கலந்திருக்கும், ஆகவே ‘நடுவில் கொஞ்சம் சிவப்பாக’ என்ற ஆசை இங்கே வேண்டாம்.

தனித்தனியாகத் தட்டுவதா, ஒரே பாளமாகத் தட்டில் பரப்பி ஓவனில் வைப்பதா? காய்ந்த இரும்பு வாணலியில் 40 கிராம் உருண்டையை வைத்து அழுத்தினால் அடியில் மொறுமொறுவென்று ஒரு பழுப்புத் தோல் பிடிக்கும். அந்த வாசனை ஓவன் பாளத்தில் வராது. ஆனால் 12 உருண்டைக்கு மூன்று தடவை வாணலி ஏற்றவேண்டும்; கடைசி ஈடு இறங்கும்போது முதல் ஈடு ஆறிப்போயிருக்கும். நாலு பேருக்கு வாணலி, கூட்டத்துக்குப் பாளம்.

மூன்றாவதாக ஒரு வழி, ஸ்லைடரின் தாய்வீட்டு வழி. 1921இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து விச்சிட்டாவில் தொடங்கிய ‘ஒயிட் காசில்’ கடையில், நறுக்கிய வெங்காயத்தின்மேல் மெல்லிய சதுரக் கறித்துண்டை வைத்து ஆவியில் வேகவைப்பார்கள். அதில் ஐந்து ஓட்டை இருக்கும், ஆவி ஏறுவதால் திருப்பிப்போடத் தேவையில்லை. வீட்டில் செய்தால் பன்னையே மேலே கவிழ்த்துவிடலாம். வெங்காய மணம் பன்னுக்குள் போய்விடும். மொறுமொறுப்பை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சீஸில் பலர் உயர்ந்ததாக வாங்கித்தான் ஏமாறுகிறார்கள். நாள்பட்ட செடாரில் சுவை உண்டு, ஆனால் சூட்டில் எண்ணெய் தனியே பிரிந்து பன்னில் இறங்கும். பிராசஸ்டு சீஸில் சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கின்றன. அதனால்தான் அது அவ்வளவு வழவழப்பாக உருகுகிறது. மொசரெல்லா இழுபடும், படத்துக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான். பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், மணல்மணலாக உருகும். என் கணக்கு: கறிக்கு அடியில் பிராசஸ்டு சீஸ், மேலே இளசான செடார். அடியில் இருப்பது பன்னுக்கு மழைக்கோட்டு போல வேலை செய்கிறது.

அந்த மழைக்கோட்டின் அருமை எனக்கு ஒரு சொதப்பலில்தான் புரிந்தது. உருக்கிய வெண்ணெயில் கடுகு சாஸ், வொர்செஸ்டர்ஷயர் சாஸ், பூண்டு கலந்து மேலே ஊற்றினேன். தடவவில்லை, ஊற்றினேன். இடுக்கு வழியாக இறங்கி அடிப்பன் முழுக்கக் களியாகிவிட்டது, கரண்டியால் சாப்பிட்டோம். 12 பன்னுக்கு 60 கிராம் வெண்ணெய் தாராளம், அதுவும் பிரஷ்ஷால். அடிப்பாதியின் அறுத்த பக்கத்தை முதலில் இரண்டு நிமிடம் வாட்டிக்கொண்டால் இன்னும் பத்திரம்.

ஏர் ஃப்ரையர் ஆறு பன்னுக்கு ஓகே, மேல்பக்கம் சீக்கிரம் கருகும். மைக்ரோவேவ் பன்னைத் தோலாக்கிவிடும்.

ஆகமொத்தம், அடுப்படியில் நிற்க நேரமிருந்தால் என் ஓட்டு கொத்துக்கறிக்கு. மிச்சம் வைத்து மறுநாள் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் சீவிய கறிதான். ஃபாயில் சுற்றி 160 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் மீண்டுவிடும். கொத்துக்கறி ஸ்லைடரிலோ இரவெல்லாம் கொழுப்பு உறைந்து பன்னோடு ஒட்டிக் கிடக்கும்.