'வரணும்' என்றால் மஸ்ட்டா, ஷுட்டா, ஹேவ் டுவா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேர் இங்கிலீஷ் பேசிப் பழகக் கூடுவோம். வகுப்பு என்றால் பெரிய வார்த்தை. டீ உண்டு, கரும்பலகை கிடையாது. அதில் ஒரு அக்கா தையல் கடை வைத்திருக்கிறார். ஆன்லைனில் வாங்கிய லைனிங் துணி சொன்ன தேதிக்கு வந்து சேரவில்லை. கஸ்டமர் கேர் சாட்டில் 'மை பார்சல் மஸ்ட் ஹேவ் கம் எஸ்டர்டே' என்று எழுதியிருக்கிறார். பார்சல் கிடைத்ததில் மகிழ்ச்சி என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள்.

அக்கா மனதில் இருந்தது 'நேத்தே வந்திருக்கணும்'. தமிழில் அந்த ஒரு சொல் ரெண்டு வேலை பார்க்கிறது. காலிங் பெல் சத்தம் கேட்டு 'பார்சல் வந்திருக்கணும், போய்ப் பாரு' என்றால் அது ஊகம். இங்கிலீஷில் மஸ்ட் ஹேவ் கம். 'நேத்தே வந்திருக்கணும், இன்னும் காணோம்' என்றால் புகார். அது ஷுட் ஹேவ் கம். நாம் குரலில் பிரிப்பதை அவர்கள் சொல்லில் பிரிக்கிறார்கள். சாட்டில் குரல் ஏது?

மோடல் வினைகளில், அதாவது கட்டாயம், அனுமதி, சாத்தியம் என்று வினைக்குச் சாயல் ஏற்றும் துணைவினைகளில், நாம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த மாதிரி இடத்தில்தான். கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷல், ஷுட், வில், வுட் என்று அவர்களுக்கு முக்கியமாக ஒன்பது. கூடவே ஹேவ் டு மாதிரி ஒட்டு உறவுகள். நம்மிடம் லாம், ணும், முடியும், கூடும், கூடாது, வேண்டாம், மாட்டேன். ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. அதற்காகத் தமிழில் அந்த வித்தியாசங்களே இல்லை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இருக்கின்றன, ஆனால் வேறு இடத்தில். முதலில் தமிழ் வாக்கியத்தையே கொஞ்சம் விரித்துப் பார்த்தால் எந்த இங்கிலீஷ் சொல் வேண்டும் என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

மஸ்ட், ஹேவ் டு, ஷுட்

'போகணும்' என்று நிறுத்தாமல் அடுத்து என்ன சொல்வீர்கள் என்று பாருங்கள். 'போக வேண்டியிருக்கு' என்ற அலுப்பு வந்தால் ஹேவ் டு. 'போனா நல்லது' என்று தணிந்தால் ஷுட். 'போயே ஆகணும்' என்று இறுகினால் மஸ்ட். சர்க்கரையைக் குறைக்க டாக்டர் சொன்னதால் வேறு வழியில்லாமல் குறைப்பவர் ஐ ஹேவ் டு என்பார். பழைய சட்டைக்குப் பட்டன் போட முடியாமல் தானே முடிவெடுத்தவர் ஐ மஸ்ட் என்பார். இந்தக் கோட்டை எல்லோரும் கறாராகப் பார்ப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் இறந்த காலத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை: கட்டாயத்தைச் சொல்லும் மஸ்ட்டுக்கு இறந்த கால வடிவம் கிடையாது. 'போக வேண்டியதாப் போச்சு' என்றால் ஹேட் டு ஒன்றுதான்.

அப்புறம் மரியாதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் லண்டனில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்கு 'யூ மஸ்ட் சென்ட் த ஃபைல் டுடே' என்று மெயில் அனுப்பினேன். ப்ளீஸ் போட்டிருந்தேன், அது வேறு. பதில் எனக்கு வரவில்லை, என் மேலாளருக்குப் போனது. இதே மஸ்ட் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது என்ன செய்கிறது பாருங்கள்! 'யூ மஸ்ட் கம்' என்றால் 'நீங்க கண்டிப்பா வரணும்' என்கிற அதே வாஞ்சை. அந்த இடத்தில் யூ ஷுட் கம் என்றால் 'வந்தா நல்லாயிருக்கும்' என்று சுருதி இறங்கிவிடும். சொல்கிற காரியம் எதிரில் இருப்பவருக்கு இன்பம் தருவதாக இருந்தால் மஸ்ட் உபசாரம். சொல்பவருக்கு லாபம் என்றால் அதிகாரம். ஃபைலைக் கேட்கும் இடத்தில் நான் இப்போது 'குட் யூ' தவிர வேறு எதையும் தொடுவதில்லை.

ஓஎம்ஆர் பக்கம் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தராசு பழக்கமாக இருக்கும். 1997 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணம், இணையத் தரநிலை ஆவணங்களுக்காக இந்தச் சொற்களின் எடையை வரையறுத்தது. அதில் மஸ்ட்டும் ஷல்லும் விலக்கில்லாத கட்டாயம். ஷுட் என்றால், தகுந்த காரணம் இருந்து விளைவும் புரிந்திருந்தால் விலகலாம். மே என்றால் முழுக்க உங்கள் இஷ்டம். பேச்சு இங்கிலீஷ் இவ்வளவு கறார் இல்லை, ஆனால் வரிசை இதுதான்.

ஷல் இன்று பேச்சில் 'ஷல் வி கோ?' அளவுக்குச் சுருங்கிவிட்டது. மிச்சமெல்லாம் சட்டப் புத்தகத்தில். ஆனால் அதன் பழைய பொருள் எனக்குப் பிடிக்கும்: கடன்பட்டிருப்பது. கடனிலிருந்துதான் அங்கே கடமை வந்தது. இங்கேயும் அப்படித்தானே, காலைக்கடன் வரைக்கும்!

மஸ்ட் நாட், டோன்ட் ஹேவ் டு

'வேண்டாம்' மகா ஏமாற்றுச் சொல். எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்துக்கு, வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் போதும், எல்லாரும் வர வேண்டாம் என்று சொல்ல நினைத்த ஒருவர் வாட்ஸ்அப்பில் 'ஆல் மஸ்ட் நாட் கம்' என்று போட்டார். மூன்றாம் மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த, தமிழ் தெரியாத குடும்பம் வரவே இல்லை. ஏன் தடை போட்டீர்கள் என்று மறுநாள் லிஃப்ட்டில் கேட்டார்களாம். 'வரக்கூடாது' என்று விரிந்தால் மஸ்ட் நாட். 'வரத் தேவையில்லை' என்று விரிந்தால் டோன்ட் ஹேவ் டு, அல்லது நீட் நாட். ஹேவ் டுவும் மஸ்ட்டும் ஆமாம் சொல்லும்போது அண்ணன் தம்பி. இல்லை சொல்லும்போது எதிரெதிர்க் கட்சி.

கேன், குட்

குட் என்ற இந்தச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'நல்லது' என்கிற குட்டும் இதுவும் ஒன்றாகிவிடும். என்ன செய்வது, இடம் பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கேன் என்றால் முடியும் என்று மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் ஐ கேன் ஸ்விம் என்பதைத் தமிழில் 'எனக்கு நீச்சல் தெரியும்' என்றுதான் சொல்வோம். பழைய இங்கிலீஷில் கேனுக்கு அறிதல் என்றே பொருள், அதனால் நம் 'தெரியும்' அதன் வேரையே தொடுகிறது. 'கேன் ஏபிள் டு' என்று ரெண்டையும் சேர்த்துச் சொல்வது மட்டும் ஒரே தலைக்கு ரெண்டு தலைப்பாகை.

குட் கொஞ்சம் நுணுக்கம். சின்ன வயதில் கிணற்றில் குதித்து நீந்த முடியும் என்று பொதுவான திறமையைச் சொல்ல ஐ குட் ஸ்விம் சரி. ஆனால் 'இன்னிக்கு ஓடிப்போய் 8.10 பீச் வண்டியைப் பிடிக்க முடிஞ்சுது' என்பது ஒரே ஒரு தடவை நடந்த காரியம். அதற்கு ஐ வாஸ் ஏபிள் டு, அல்லது ஐ மேனேஜ்ட் டு. ஐ குட் கேட்ச் த ட்ரெயின் என்றால், நீங்கள் இன்னும் பிளாட்பாரத்தில் நின்று 'ஓடினா பிடிக்கலாம்' என்று யோசிப்பதாகக் கேட்பவர் நினைக்கக்கூடும். பிடிக்க முடியவில்லை என்றால் மட்டும் குடின்ட் தாராளமாகப் போடலாம்.

மே, மைட்

நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் அறிவிப்பில் 'ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று வருகிறதே, அந்த 'கூடும்'தான் மே. மைட் அதைவிட ஒரு படி இறங்கி, பள்ளி விடுமுறைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் நம்பிக்கை. இட் கேன் ரெயின் டுமாரோ என்று சொல்வதில்லை. நவம்பரில் சென்னையில் கொட்டித் தீர்க்கவும் கூடும் என்கிற பொது இயல்புக்கு கேன் பொருந்தும். நாளைய ஆரூடத்துக்குப் பொருந்தாது. அனுமதி கேட்க 'மே ஐ கம் இன்' நம் பள்ளிக்கூடம் ஊட்டிய பால். 'கேன் ஐ' என்று கேட்டாலும் இன்று யாரும் முகம் சுளிப்பதில்லை.

வில், வுட்

'ஐ வுட் பி கமிங் டுமாரோ' என்று எழுதினால் பணிவாக இருக்கும் என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை. வெளிநாட்டுக்காரர் காதில் அது பாதி வாக்கியம். வருவேன், ஆனால் என்ன நடந்தால் என்று அவர் காத்திருப்பார். கேட்கும்போது வுட் பணிவு, வாக்குக் கொடுக்கும்போது வழவழா.

போன சனிக்கிழமை ராத்திரி தையல் கடை அக்காவிடமிருந்து ஒரு செய்தி: 'ஐ வில் நாட் கம் சண்டே.' நான் ஏதாவது சொல்லி மனம் புண்பட்டுவிட்டாரோ என்று உடனே போன் போட்டேன். பின்னால் மிஷின் ஓடும் சத்தம்.

"கோபமெல்லாம் இல்லைங்க. நாலு பிளவுஸ் காலையில கொடுக்கணும், வரமுடியாது. அதைத்தானே அனுப்பினேன்?"

"நீங்க அனுப்பினது 'வரமாட்டேன்' அக்கா."

"அய்யய்யோ! லைனிங் கடைக்காரருக்கும் இப்படித்தான் போட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.