பொறியியல் விண்ணப்பம்: பிரவுசிங் சென்டரா, உதவி மையமா?

தங்கைக்கு டிஎன்இஏ, அதாவது தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக்கான விண்ணப்பம் போட்டு முடித்தோம். காலில் காலிபர் (தாங்குகருவி) போட்டு நடப்பவள், யூடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாடு 60 சதவீதம். முதலில் தெருமுனை பிரவுசிங் சென்டர், அப்புறம் அரசின் உதவி மையம் என்று இரண்டு படியும் ஏறி இறங்கியாயிற்று.

சென்டர் பக்கத்திலேயே இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கும் திறந்திருக்கும். உதவி மையத்தில் பதிவுக் கட்டணம் தவிர வேறு செலவில்லை, ஆனால் காலையிலேயே போய் உட்கார வேண்டும். இதெல்லாம் தெரிந்ததுதான்.

எங்களுக்குப் பிரச்சினையே சிறப்புப் பிரிவில்தான் வந்தது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு 5 சதவீத இடம், பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே தனிக் கலந்தாய்வு, அதில் நினைத்தது கிடைக்காவிட்டால் பொதுவிலும் போட்டி போடலாம். ஆனால் படிவத்தில் மாற்றுத்திறனாளியா என்ற ஒரு கேள்விக்கு 'ஆம்' என்று கொடுத்திருந்தால்தான் இவ்வளவும். "எல்லாம் போட்டாச்சுண்ணா" என்று சென்டர் பையன் பிரிண்ட் நீட்டினான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த இடத்தில் 'இல்லை'. கைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் அவனுடைய எண்! ஓடிபி கேட்டுக் கேட்டு நேரம் போகிறதே என்று போட்டானாம். கெட்ட எண்ணம் இல்லை, நம்புகிறேன். ஆனால் கலந்தாய்வுத் தகவலிலிருந்து ஓடிபி வரை எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகும்; ஒதுக்கீட்டை உறுதிசெய்யக் கிடைப்பது இரண்டே நாள். அந்த இரண்டு நாள் அவன் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தால் நாங்கள் யாரைப் பிடிப்பது?

உதவி மையத்தில் அவள் நடந்து வருவதைப் பார்த்ததுமே "யூடிஐடி இருக்காம்மா?" என்றுதான் கேட்டார்கள். இரண்டையும் திருத்தி, அட்டையை இரு பக்கமும் ஸ்கேன் செய்து ஏற்றி, ஓடிபி அவள் போனுக்கே வந்த பிறகுதான் எழுந்தோம். குறை இல்லாமல் இல்லை. கம்ப்யூட்டர் லேப் மாடியில், லிப்ட் கிடையாது. மாற்றுத்திறனாளிகள் வருவார்கள் என்று தெரிந்தும் மாடியில் வைப்பது என்ன கணக்கோ. கடைசியில் ஒரு மேடம் லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்.

கலைக் கல்லூரி விண்ணப்பம் நாங்கள் போடவில்லை, அதனால் அங்கே உதவி எப்படி என்று சொல்ல என்னிடம் அனுபவம் இல்லை. அலைய முடியாமல் சென்டரிலேயே போடுகிறீர்கள் என்றால், சரி, போடுங்கள். காசு கொடுப்பதற்கு முன் திரையில் அந்த இரண்டு இடத்தையும் நீங்களே பாருங்கள்.