ஏஇடபிள்யூ: ஆட்டத்தில் குறையில்லை, கதையைத்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள்

குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டுகிற எங்களுக்கு ஏஇடபிள்யூ பார்ப்பது லேசு. ஆல் எலைட் ரெஸ்லிங் என்பதன் சுருக்கம் அது, கதை எழுதி மல்யுத்தம் நடத்துகிற அமெரிக்க நிறுவனம். அமெரிக்காவில் புதன் இரவு அவர்களுடைய வார நிகழ்ச்சி டைனமைட் தொடங்கும்போது இங்கே வியாழன் காலை ஐந்தரை, அங்கே குளிர்காலம் என்றால் ஆறரை. வெட்டு முடிந்து பால் வடிகிற நேரம்தான் அது, கையில் கட்டன் சாயா இருந்தால் போதும். பல வருடமாகப் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு திட்டலாம் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளியில் 81,035 டிக்கெட் விற்றதாக அறிவித்தவர்கள், அடுத்த வருடமே வாராந்தர நிகழ்ச்சிகளைச் சின்ன அரங்குகளுக்கு மாற்றத் தொடங்கிவிட்டார்கள். வெம்ப்ளி முடிந்து ஒரே வாரத்தில் சிகாகோவில் இன்னொரு பெரிய நிகழ்ச்சி வைத்தார்கள், அதற்கு முந்தின நாள் நட்சத்திர வீரர் சிஎம் பங்க்கை வேலையை விட்டே தூக்கினார்கள். அந்த ஆளை நம்பித்தானே இரண்டு மாதம் முன்பு கொலிஷன் என்ற சனிக்கிழமை நிகழ்ச்சியையே ஆரம்பித்தார்கள்! டைனமைட் இரண்டு மணி, ராம்பேஜ் என்ற இன்னொரு நிகழ்ச்சி ஒன்று, கொலிஷன் இரண்டு என்று வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆனது, 2024 கடைசியில் ராம்பேஜ் நின்ற பிறகும் நான்கு மணி நேரம். இத்தனையும் டிவியில் ஓடும்போது எவன் காசு கொடுத்து அரங்குக்குப் போவான்?

ஆனால் என் எரிச்சல் கதையில்தான். எம்ஜெஎஃப் என்ற வீரர் 406 நாள் உலக சாம்பியன் பெல்ட்டை வைத்திருந்த காலத்தில், முகமூடி போட்ட ஒருவன் மாதக்கணக்கில் ஆட்டம் காட்டினான். 2023 டிசம்பர் 30 அன்று முகமூடி கழன்றால் உள்ளே ஆடம் கோல், நண்பனாக நடித்தவனேதான். ஆனால் கோலுக்குச் செப்டம்பரிலேயே நிஜமாகக் கணுக்கால் உடைந்திருந்தது, சண்டை போட முடியாது. எம்ஜெஎஃப்பும் அதே இரவு சமோவா ஜோவிடம் பெல்ட்டை இழந்துவிட்டு, காயத்தோடு மே வரைக்கும் காணாமல் போனார். துரோகத்துக்குப் பழிவாங்கும் சண்டையைப் பார்க்கக் காத்திருந்தவன் என்ன செய்வான்? காயம் யார் கையிலும் இல்லை, சரி, ஆனால் மாற்றுக்கதை ஒன்று கையில் வேண்டாமா? கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர் கதையைப் பாதியில் விட்டால் பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சனம் எழுந்து போய்விடும்.

அப்புறம் ஜான் மாக்ஸ்லி. 2024 அக்டோபரில் பெல்ட்டை ஜெயித்து ஒரு பெட்டிக்குள் பூட்டிவிட்டார், ஒன்பது மாதம் அதே கதைதான். கூட உட்கார்ந்து பார்க்கிற சித்தப்பா மகன், "எதுக்குண்ணே இவன் எல்லாத்தையும் அடிக்கான்?" என்பான். என்னால் ஒரு வரியில் சொல்ல முடிந்ததே இல்லை.

கதை சொல்லத் தெரியாதவர்கள் என்றால் விட்டுவிடலாம், தெரிந்தவர்கள் என்பதுதான் கோபம். ஹேங்மேன் பேஜும் கென்னி ஒமேகாவும் ஜோடியாகப் பெல்ட் வாங்கியது 2020 ஜனவரியில். அப்புறம் பிரிந்து, பேஜ் நொறுங்கி, 2021 நவம்பரில் ஒமேகாவையே வென்றார், அவ்வளவு காலம் பொறுமையாக வளர்த்தார்கள். 2025 ஜூலையில் டெக்சாஸில் மாக்ஸ்லியை வீழ்த்தியதும் அதே பேஜ்தான், அன்று அரங்கம் கத்தியதைக் கேட்க வேண்டுமே.

கொலிஷனை இப்போது நான் தொடுவதில்லை. டைனமைட்டில் பேஜ், ஸ்வெர்வ் ஸ்ட்ரிக்லேண்ட் வரும் பகுதிகள், பெரிய நிகழ்ச்சிகள், அவ்வளவுதான். புதிதாகப் பார்க்க வருகிறவர்களும் இப்படியே தொடங்குங்கள், நான்கு மணி நேரத்தையும் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் ஒரே மாதத்தில் வெறுத்துவிடும்.