தொடக்கத் திரையில் இரணைமடு: விண்டோஸா, உபுண்டுவா?

கிளிநொச்சியில் நான் நடத்தும் கணினி வகுப்பில் ஆறு பழைய கணினிகள். மூன்றில் விண்டோஸ் 10, மூன்றில் இலவச லினக்ஸ் இயங்குதளமான உபுண்டு. ஆளியைப் போட்டதும் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளில் தண்ணீர் பாயும் படம் வர வேண்டும் என்பது மாணவர்களின் ஆசை. இரண்டிலும் செய்து பார்த்தேன். இன்று படம் இருப்பது உபுண்டுவில் மட்டுமே.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இயங்குதளத்தின் மையமான கேர்னல் கோப்பையே திறந்து 16 நிறப் படத்தைத் திணித்தோம். விண்டோஸ் 10 அப்படியல்ல. இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை மென்பொருளான யூஇஎஃப்ஐ கொடுக்கும் இலச்சினையையே காட்டுகிறது. ஹேக்பிஜிஆர்டி என்ற இலவசக் கருவி வட்டில் தொடக்கக் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பகுதியில் அமர்ந்து, விண்டோஸுக்கு முன்பே ஓடி, படத்தை மாற்றிவிடுகிறது. பத்து நிமிட வேலைதான். ஆனால் மாணவன் ஒருவனின் மடிக்கணினியில், நம்பகமற்ற மென்பொருள் தொடக்கத்தில் ஓடுவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை நிறுத்தியபோது, வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரை முதலில் இடைநிறுத்த மறந்துவிட்டேன். திரை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. கணினியை அனுப்பியவர் கனடாவிலிருக்கும் அவனுடைய சித்தப்பா, அந்தச் சாவி சேமிக்கப்பட்டிருந்த மைக்ரோசாப்ட் கணக்கும் அவருடையதே. அங்கே விடியும்வரை இங்கே மாலைவரை காத்திருந்தோம்.

உபுண்டுவில் இந்த வேலை, தொடக்கத் திரையைக் காட்டும் பிளைமவுத் என்ற மென்பொருளுடையது. தீம் கோப்புறைக்குள் எனக்கென்று தனிக் கோப்புறை. அதில் ஒரு பிஎன்ஜி படம், ஒரு ஸ்கிரிப்ட், தீமின் பெயரைச் சொல்லும் சிறு கோப்பு. அதை இயல்புத் தீமாகத் தெரிவு செய்து, தொடக்கத்தில் கேர்னலுடன் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் முடிந்தது. முதல் தடவை ஸ்கிரிப்டில் படத்தின் பெயரைப் பிழையாக எழுதியதால் வெறும் கறுப்புத் திரைதான் கிடைத்தது.

என்னை உபுண்டுவின் பக்கம் சாய்த்தது பராமரிப்பு. புதிய கேர்னல் வரும்போது இனிட்ராம்எஃப்எஸ் தானாகவே மறுபடி உருவாகிறது. தெரிவு செய்த தீமும் அதற்குள் போய்விடுகிறது. விண்டோஸிலோ பெரிய இற்றைப்படுத்தலுக்குப் பிறகு ஒரு கணினியில் பழைய இலச்சினை திரும்பியிருந்தது. மறுபடி நிறுவினேன், பிறகு விட்டுவிட்டேன். உபுண்டுவில் ஏதாவது குழம்பினாலும் தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் ஆங்கில 'e' விசையை அழுத்தி, 'ஸ்பிளாஷ்' (splash) என்ற சொல்லை அழித்துத் தொடங்கினால் படமில்லாமல் கணினி எழும்பிவிடும். அதைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளே செய்கிறார்கள்.

உபுண்டு ஓடும் மூன்றுமே இன்டெல் வரைகலை கொண்டவை. வேறு அட்டைகளுக்கு இதை அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டேன்.

எஸ்எஸ்டி போட்ட இரண்டில் படம் வந்த வேகத்தில் மறைகிறது. அதனால் இப்போது எல்லோருக்கும் பழைய வன்தட்டுள்ள மூலைக் கணினிதான் வேண்டுமாம். அதில் வான் பாய்வதை அரை நிமிடம் பார்க்கலாம்.