ப்ரூக்ஸ் அருவிக் கரடிகள்: ஒரு நேரலைக் கேமராவின் ரிவ்யூ

அலாஸ்காவில் உள்ள கட்மாய் தேசியப் பூங்காவின் ப்ரூக்ஸ் அருவி ஓர் ஆள் உயரம்தான் இருக்கும். முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறி வரும் சாக்கை சால்மன் மீன்கள் அதைத் தாவித்தான் கடக்க வேண்டும். அந்த மீனுக்காகப் பழுப்புக் கரடிகள் கூடுகின்றன. எக்ஸ்ப்ளோர் டாட் ஆர்க் தளம் 2012 முதல் இதை நேரலையாக, இலவசமாகக் காட்டி வருகிறது. இரவுப் பணி முடிந்து வந்து தூக்கம் பிடிக்காத நேரங்களில் நான் பார்ப்பது இதைத்தான்.

விலங்குப் படங்களில் கரடி தண்ணீரில் இறங்கினால் அடுத்த நொடியே வாயில் மீன் இருக்கும். இங்கே வெட்டி ஒட்டுவதற்கு ஆளில்லை. அருவியின் விளிம்பில் ஒரு கரடி வாயைப் பிளந்தபடி நிற்கிறது. ஒரு மீன் மூக்கை உரசிக்கொண்டு தாண்டிப் போகிறது. அடுத்தது காதோரமாகப் பறக்கிறது. கரடி தலையை மட்டும் லேசாகத் திருப்பிக்கொண்டு மறுபடி நிற்கிறது. வெகுநேரம் ஒன்றுமே சிக்காமல் போவதையும் பார்த்திருக்கிறேன். தோற்பது அன்றாட வேலையின் ஒரு பகுதி என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் வேறு நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஓடிஸ் என்ற வயதான ஆண் கரடி. பூங்கா கொடுத்த அடையாள எண் 480. 2023 வரை அருவிக்கு வந்தவர். மரியாதை கொடுத்துத்தான் சொல்ல வருகிறது. கோரைப் பற்களில் இரண்டு போய்விட்டிருந்தன, மற்றவை தேய்ந்துபோயிருந்தன. பெரிய ஆண் கரடி வந்தால் சண்டைக்கு நிற்காமல் ஒதுங்கிவிடுவார். அருவியின் ஓரத்துக் குட்டையில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. ரசிகர்கள் அதை அவருடைய 'ஆபீஸ்' என்பார்கள். வயிறு வரை தண்ணீரில் உட்கார்ந்திருப்பார், தூங்குகிறாரோ என்று தோன்றும். திடீரென்று தலை மட்டும் உள்ளே போகும், மீனோடு வெளியே வரும். இளம் கரடிகள் மீனைத் துரத்தித் துரத்தித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது இவர் அசையவே மாட்டார். 2021-இல் ஜூலைக் கடைசியில் எலும்பும் தோலுமாக வந்தவர், அந்த இலையுதிர் காலத்து 'ஃபேட் பேர் வீக்' வாக்கெடுப்பில் (குளிர்காலத்துக்கு முன் நன்றாகக் கொழுத்த கரடியை ரசிகர்கள் இணையத்தில் தேர்ந்தெடுக்கும் வருடாந்திரப் போட்டி) நான்காவது முறையாகப் பட்டம் வென்றார். ஓய்வு பெறும் வயதை நெருங்கும் எனக்கு அது வெறும் வேடிக்கையாக இல்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு அலாரத்துக்கும் ஓடுகிற இளைஞர்களோடு நான் இப்போது போட்டி போடுவதில்லை. என் பேனல் முன்னால் உட்கார்ந்து, எது நிஜமான கோளாறு என்று பார்த்துவிட்டுத்தான் எழுகிறேன்.

மீன் ஏராளமாக வரும் நாட்களில் கரடிகள் தோலையும் மூளையையும் சினையையும் மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். கொழுப்பு அங்கேதான் அதிகம். குளிர்காலத் தூக்கத்தில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை கரைந்துவிடுமே! விட்ட மிச்சம் கடற்காகங்களுக்கும் சிறிய கரடிகளுக்கும் போகும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இது மனதுக்கு இதமான நிகழ்ச்சி மட்டுமல்ல. 2024 ஜூலையில் கிரேசர் என்ற தாய்க்கரடியின் இரண்டு குட்டிகள் அருவியில் அடித்துச் செல்லப்பட்டு, கீழே நின்ற சங்க் என்ற பெரிய ஆண் கரடியிடம் மாட்டின. கிரேசர் பாய்ந்து சண்டையிட்டும் ஒரு குட்டி காயத்தால் இறந்தது. அக்டோபர் வாக்கெடுப்பின் இறுதிச் சுற்றில் அதே இருவர்; கிரேசர் வென்றது. பார்த்தவர்கள் பலர் சங்க்கை வெறுத்தார்கள், நானும்தான். மறு வருடம் அது தாடை உடைந்து வந்தது. அப்படியே மீன் பிடிக்கப் பழகி, பட்டமும் வென்றது. வில்லன் என்று அதை இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. தாய்ப்பாசத்துக்குக் கிரேசரை உதாரணம் காட்டுபவர்கள் சங்க்கை மறைத்துவிட்டுச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் ஜூலையிலோ செப்டம்பரிலோ தொடங்குங்கள். ஆகஸ்டில் கரடிகள் வேறிடங்களுக்குக் கலைந்துவிடும், அருவி வெறிச்சோடிக் கிடக்கும். சத்தத்தை அணைக்காதீர்கள், ஒரு பெரிய கரடி வருகிறது என்பதை மற்றவற்றின் உறுமலே முதலில் சொல்லிவிடும். சிறு பிள்ளைகளுக்குக் காட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து.