கிரிப்டோவ எடுக்கணும்னா "வெரிபிகேஷன் டெபாசிட்" கட்டுன்னு சொல்றாங்களா? கட்டாதீங்க

ஒரு டிரேடிங் ஆப்ல யுஎஸ்டிடி (டாலர் மதிப்ப ஒட்டி ஓடுற கிரிப்டோ காயின்) போட்டிருந்தேன், சின்ன தொகை எடுத்தப்பல்லாம் ஒழுங்கா வந்துச்சு, பெருசா எடுக்கப் போனப்பதான் ஆட்டத்த ஆரம்பிச்சாங்க. "உங்க அக்கவுண்ட் பணமோசடி தடுப்பு ஆய்வுல இருக்கு, இருப்புல 10 சதவீதம் டெபாசிட் கட்டுங்க, ஆய்வு முடிஞ்சதும் சேர்த்தே திரும்ப வரும்"னு சப்போர்ட் சாட்ல மெசேஜ், கூடவே எஃப்ஏடிஎஃப்ங்கற சர்வதேச பணமோசடி தடுப்பு அமைப்போட பேரும் முத்திரையும் போட்டு ஒரு பிடிஎஃப். கட்டினேன். அடுத்து "வரி"ன்னாங்க, அதையும் ஒரு கிரிப்டோ வாலட்டுக்கே அனுப்பணுமாம். எந்த அரசாங்கம்யா முகம் தெரியாத வாலட்ல வரி வாங்குதுன்னு கேட்டேன், சாட்டும் கட், லாகினும் கட்.

எஃப்ஏடிஎஃப் நாடுகளுக்கு விதி வகுக்குற அமைப்பு. 2019ல கிரிப்டோ கம்பெனிகளுக்கான விதிய தெளிவாக்கினாங்க. மத்தபடி கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுக்கறதும் இல்ல, தனி ஆள்கிட்ட காசு கேக்கறதும் இல்ல. அந்த விதிப்படி எக்ஸ்சேஞ்ச் (கிரிப்டோ வாங்கி விக்கற தளம்) கேக்கறது உங்க அடையாள ஆவணம், பணம் வந்த வழி, யாருக்கு அனுப்புறீங்கங்கற விவரம், இவ்ளோதான். சந்தேகம் வந்தா அக்கவுண்ட முடக்குவாங்க, மேல ரிப்போர்ட் பண்ணுவாங்க (ரிப்போர்ட் பண்ணத உங்ககிட்ட சொல்லவே கூடாதுங்கறதும் விதிதான்), ஆனா முடக்கத்த எடுக்க புதுசா காசு போடுன்னு ஒழுங்கான எவனும் கேக்க மாட்டான்.

ஆப்ல போட்டிருந்த லைசென்ஸ் நம்பர் நிஜமானதுதான், என்ன, வேற கம்பெனியோடது! அதனால அவங்க கொடுக்குற லிங்க்ல பாக்காம ஒழுங்குமுறை அமைப்போட சொந்த ரிஜிஸ்டர்ல போய் பேரும் வெப்சைட் முகவரியும் எழுத்துக்கு எழுத்து பொருந்துதான்னு பாருங்க. ஐரோப்பிய யூனியன்ல மைகாங்கற கிரிப்டோ சட்டம் 2024 டிசம்பர் 30லேர்ந்து முழுசா அமல்ல இருக்கு, அனுமதி வாங்கினவங்க லிஸ்ட் பொதுவுலயே கிடக்கு.

இப்ப "ஹேக் பண்ணி மீட்டுத் தரோம்"னு வேற ஒரு கூட்டம் மெசேஜ் போடுது, அதுக்கும் முன்பணமாம். பிளாக்செயின்ல (கிரிப்டோ பரிமாற்றமெல்லாம் பதிவாகுற கணக்கேடு) போனத எவனாலயும் ரிவர்ஸ் பண்ண முடியாது. யுஎஸ்டிடின்னா அத வெளியிடுற டெதரால அந்த அட்ரஸ ஃப்ரீஸ் பண்ண முடியும், அதுக்கு போலீஸ் தரப்புலேர்ந்து கேக்கணும், அதுவும் அவன் வேற காயினா மாத்துறதுக்கு முன்னாடி.

அதனால புகார உடனே கொடுங்க. வெறும் ஸ்க்ரீன்ஷாட் பத்தாது, டிரான்சாக்ஷன் ஹாஷ் (ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் உள்ள தனி அடையாளக் குறி), ரெண்டு பக்க வாலட் அட்ரஸ், நேரம் எல்லாத்தையும் டெக்ஸ்டா காப்பி பண்ணி கொடுங்க, யுஎஸ்டிடி ஓடுற டிரான்ங்கற பிளாக்செயின்ல ஒரு அட்ரஸே 34 எழுத்து, படத்தப் பாத்து அடிக்கறப்ப ஒண்ணு மாறினாலும் தேடுனா ஒண்ணும் வராது.